வாசகர் கேள்வி – பதில்: அன்றன்றுள்ள ஆகாரமும் அடுத்த அடியும்

கேள்வி: "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:34). நானோ மகளின் படிப்புக்காகச் சீட்டுக் கட்டுகிறேன், எல்.ஐ.சி. பாலிசியும் போட்டிருக்கிறேன். "விசுவாசம் இருந்தால் இதெல்லாம் எதற்கு?" என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து உறுத்தலாக இருக்கிறது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உறுத்தல் வேண்டாம், சகோதரி. ஆண்டவர் கவலைப்படாதே என்றார். கணக்குப் பார்க்காதே என்று எங்கும் சொல்லவில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று பேசினவரும் அவர்தான் (லூக்கா 14:28).

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த ஆகாரமான மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர். எப்பாவில் பத்தில் ஒரு பங்கு. நம் அளவில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். காலையில் பொறுக்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் உருகிவிடும். மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்து நாறியது. இதுவரை மட்டும் வாசிப்பவர்கள் "சேர்த்து வைப்பதே பாவம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர் எடுத்து வைக்கச் சொன்னவரும் அதே கர்த்தர். அன்று வைத்தது நாறவில்லை, புழுக்கவுமில்லை. மற்ற நாட்களில் கெட்டுப்போனதற்குக் காரணம், வைக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும், நாளைக்குத் தருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் வைத்ததுதான். ஏழாம் நாளில் பொறுக்கப் போனவர்களுக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. ஓய்வுநாளில் ஓயாமல் ஓடுவதும் அதே பயத்தின் இன்னொரு முகம். சேமிக்காதவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

எகிப்தில் யோசேப்பு ஏழு நல்ல வருஷங்களும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னார். தேவன் கொடுத்த வெளிச்சத்தில்தான் அதைச் சொன்னார். எஸ்றாவும் நெகேமியாவும் எருசலேமுக்குப் போனதையும் பாருங்கள். ராஜாவிடம் காவல் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்து ஜெபித்துவிட்டுக் கிளம்பினார் எஸ்றா (எஸ்றா 8:21-23). நெகேமியாவோடு ராஜாவின் சேர்வைக்காரரும் குதிரைவீரரும் வந்தார்கள் (நெகேமியா 2:9). இருவர்மேலும் தேவனுடைய கரம் இருந்ததாகவே வேதம் சொல்லுகிறது. ஒருவருடைய விசுவாசத்தின் வடிவத்தை இன்னொருவருக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. உங்கள் ஜெபக்கூட்டத்துச் சகோதரிக்கு அன்போடு இதைச் சொல்லுங்கள்.

சேமிப்பு எப்போது தடம் புரளும்? சேமிப்புக்காகக் காணிக்கையும் பிறர்க்கு உதவுவதும் நின்றுபோனால். பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தூக்கம் வருமென்றால். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போதும் அந்தப் பணத்தைத் தொட மனம் வராவிட்டால். லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசுகிறான். அவனுடைய திட்டத்தில் தேவனும் இல்லை, அண்டைவீட்டாரும் இல்லை.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள், மாதாமாதம் ரசீது வாங்குங்கள். "நம் சபைச் சகோதரர்தானே" என்று வாய்மொழியாகக் கட்டும் சீட்டில் ஏலம் எடுத்த ஒருவர் பணம் கட்டாமல் நின்றால், மற்றவர்களிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. அப்போது பணத்தோடு ஐக்கியமும் போய்விடும்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. அந்த நம்பிக்கையில் கல்ஃப் வேலைக்கு முயன்றேன். இரண்டு முறை விசா நிராகரிக்கப்பட்டது. வசனம் எனக்கில்லையா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வசனம் உங்களுக்கும் உண்டு, சகோதரரே. ஆனால் விசாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வாக்கு அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். கர்த்தர் சொன்ன கணக்கோ எழுபது வருஷம் (29:10). அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள் (29:5-7). "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி இந்தக் கட்டளைகளுக்குப் பின்னால்தான் வருகிறது. போக வேண்டும் என்று ஏங்கினவர்களிடம், இருக்கிற இடத்தில் வேரூன்றச் சொன்ன கடிதம் அது.

அட்டை கையில் வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் அன்றே வாசித்துவிடுங்கள். யார் யாருக்குச் சொன்னது, எதோடு சேர்த்துச் சொன்னது, தேவனுடைய எந்தக் குணம் அதில் தெரிகிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் குணம்தான் வருஷம் முழுவதும் பற்றிக்கொள்ள வேண்டியது. நம் விருப்பத்தை வசனத்துக்குள் வைத்துவிட்டு, அது நடக்காதபோது தேவன் பொய் சொன்னதாக நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

விசா விஷயத்தில் நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் விலகி வாருங்கள். அந்தப் பேச்சை நம்பிச் சிக்கிக்கொண்டவர்கள் அதிகம்.

கேள்வி: சென்னையில் ஒரு வேலை, சொந்த ஊரில் ஒரு வேலை, இரண்டும் வந்திருக்கின்றன. கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கிதியோன் களத்தில் மயிருள்ள தோலை விரித்து, பனி எதில் பெய்கிறது என்று அடையாளம் கேட்டது வழி தெரியாமல் அல்ல. "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லியாயிற்று (நியாயாதிபதிகள் 6:14). சொன்னதை நம்ப முடியாமல் கேட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது "உமது கோபம் மூளாதிருப்பதாக" என்று தாமே பயந்து பேசுகிறார். தேவன் பொறுத்துக்கொண்டார். அவருடைய பொறுமையை நாம் வழிமுறையாக ஆக்கிவிடக் கூடாது. நாளை பத்து மணிக்குள் போன் வந்தால் சென்னை என்று குறிப்பவர்கள் பெரும்பாலும் மனசுக்குப் பிடித்த பக்கம் எளிதாக விழும்படியே அடையாளத்தை அமைக்கிறார்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அப்படித்தான்.

அப்போஸ்தலர் 16:6-10 நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி. பவுலுக்கும் கூட இருந்தவர்களுக்கும் ஆசியாவில் வசனம் சொல்லத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அங்கேயும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகு, மக்கெதோனியாவுக்கு வரும்படி ஒருவன் அழைப்பதாக இரவில் பவுலுக்குத் தரிசனம். அதைக் கண்டவர் ஒருவர். "நிச்சயித்துக்கொண்டது" எல்லோரும் சேர்ந்து. போய்ச் சேர்ந்த பிலிப்பியில் கிடைத்தது அடியும் சிறையும். எனவே கஷ்டம் வந்தது என்பதற்காக வழி தவறு என்று சொல்லிவிட முடியாது. கதவு மூடுவதும் வழிநடத்துதலே.

உங்களுக்குச் சொல்வது இது: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். வேதம் ஏற்கெனவே முடித்துவிட்ட விஷயம் ஏதும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லஞ்சமோ பொய்ச் சான்றிதழோ கேட்கும் வேலைக்காக ஜெபித்துக் கேட்க ஒன்றுமில்லை. பிறகு சம்பளம், வாடகை, பயண நேரம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், போகிற இடத்தில் சபை உண்டா என்று இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உங்களை நன்றாக அறிந்த, உங்கள் முடிவால் தங்களுக்கு லாபமோ நஷ்டமோ இல்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். கம்பெனி தந்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக ஒரு தேதி குறித்து, அன்று பகலில் முடிவெடுங்கள். களைத்துப்போன இரவில் எடுக்க வேண்டாம். எல்லாம் பார்த்தும் இரண்டும் சமமாகத் தெரிந்தால், பிடித்ததைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. இரண்டு நல்ல வழிகளில் ஒன்றை எடுத்ததற்காகப் பிள்ளையைத் தண்டிக்கிற தகப்பன் அல்ல அவர்.

கேள்வி: ஜார்ஜ் முல்லரைப் போல வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி கூட்டத்தில் அழைத்தார்கள். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முல்லரைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-இல் வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1849-இல் ஆஷ்லி டவுனில் முதல் பெரிய கட்டிடம். 1870-க்குள் ஐந்து கட்டிடங்கள், இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம். மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பது உண்மை. கடன் வாங்குவதில்லை என்பதும், வந்த ஒவ்வொரு காணிக்கையையும் எழுதிவைத்து ஆண்டுதோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார் என்பதும் அதே அளவு உண்மை. 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்த ஏமி கார்மைக்கேலும் பணத்துக்கு வேண்டுகோள் விடவில்லை. இருவரும் தங்களுக்கென்று எடுத்த தீர்மானம் அது, மற்றவர்மேல் சுமத்தியதல்ல. கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்த பவுலையும் (அப்போஸ்தலர் 18:3) மறக்க வேண்டாம்.

கடன் தீரும்வரை வேலையை விடாதீர்கள். ஓய்வு நேரத்தில் உங்கள் சபையிலேயே ஒரு பொறுப்பை எடுத்து ஒரு வருஷமாவது செய்யுங்கள். மனைவி மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாரா, பயந்து தலையாட்டுகிறாரா என்று பாருங்கள். அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் சபை கைவைத்து அனுப்பியது. உங்களை நன்றாக அறிந்த சபை அனுப்பாமல், அறியாத மேடையிலிருந்து வந்த அழைப்பை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: ஜெபித்துவிட்டுப் படுத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. தூக்கமே இல்லை. இது விசுவாசக் குறைவுதானே?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை, அம்மா. சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி கொடுத்தார் (1 இராஜாக்கள் 19:5-8). பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

கவலைகளை மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். பக்கத்தில், நாளை நான் செய்ய வேண்டியது ஏதும் உண்டா என்று குறியுங்கள். இருந்தால் காலையில் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த வரி தேவனுடையது. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற 1 பேதுரு 5:7-ஐ வாய்விட்டுச் சொல்லி நோட்டை மூடுங்கள். படுக்கையில் போன் வேண்டாம், மாலை நாலு மணிக்குப் பிறகு காபியும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, இரத்தசோகை போன்றவையும் படபடப்பைத் தரும். டெலி மனாஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம். மாத்திரை தந்தால் போதகரிடம் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வேலை போன ஒரு குடும்பம் எங்கள் தெருவில் இருக்கிறது. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பார்த்துக்கொள்வார், அதற்காகத்தான் உங்களை அந்தத் தெருவில் வைத்திருக்கிறார். யாக்கோபு 2:15-16-ஐ வாசித்துவிட்டு மறுபடி போய் வாருங்கள். ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கடையில் பணம் கட்டி, அவர்களே போய் எடுத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் பையை நீட்ட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வாடகை பாக்கி எவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு சபையின் உதவிக் குழுவிடம் கொடுங்கள்.