கேளுங்க சொல்றோம்: ஆத்துக்குக் குறுக்க ஒரு அரண்மனை

கேள்வி: அக்கா, என் மக பிரான்ஸ்ல தூர் ஊருக்குப் படிக்கப் போயிருக்கா. ஷெனோன்ஸோ அரண்மனை போட்டோ அனுப்பினா, பாத்தா கட்டடம் ஆத்துக்குக் குறுக்கவே நிக்குது! 2007ல கமேத் புயலப்போ நம்ம சேந்த் எத்தியேன் ஆத்துப் பாலமே இடிஞ்சு விழுந்துச்சு, இது மட்டும் எப்படி இத்தனை காலமா நிக்குது?
– ஒரு வாசகி, சேன் லூயி, ரெயூனியன் தீவு

பதில்: ஆறே வேற ஆறும்மா. நம்மது சிலாவோஸ் மலைத் தண்ணி, புயல் மழை பேஞ்சா பாறையையும் உருட்டிக்கிட்டுத்தான் கடலுக்கு இறங்கும். அங்க ஓடுற ஷேர் ஆறு சமவெளியில மெதுவா போறது, வெள்ளம் அதுலயும் வரும்தான், ஆனா இந்த வேகம் கிடையாது. அடுத்தது அஸ்திவாரம். அங்க முன்னாடி ஒரு தண்ணி மில் இருந்துச்சு, ராஜாவோட நிதி அதிகாரி தொமா போயே 1513ல இடத்தை வாங்கி, பழைய கோட்டையில ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை இடிச்சு, ஆத்துக்குள்ள மில் நின்ன அடித்தளத்து மேலயே புது வீட்டை எழுப்பினார். அவர் பாதி நாள் இத்தாலி சண்டையில கிடந்தார், கட்டட வேலையைப் பாத்துக்கிட்டது சம்சாரம் கத்ரீன்தான், அந்தம்மாவுக்குத்தான் பேர் போகணும்னு நான் சொல்வேன். சமையல்கட்டு எங்க தெரியுமா, மில் அடித்தளத்தோட கல் தூணுக்குள்ளயே, சாமான் எல்லாம் படகுல வந்து நேரா அங்க இறங்கும்!

பாலம் பிறகு வந்தது. இரண்டாம் ஹென்றி ராஜா தன் காதலி தியானுக்கு அரண்மனையைக் குடுக்க, அவங்க 1556ல பிலிபேர் தெலோர்ம்ங்கிற கட்டடக் கலைஞரை வச்சு அக்கரை வரைக்கும் பாலம் போட ஆரம்பிச்சாங்க. 1559ல ராஜா செத்ததும் பட்டத்து ராணி கத்ரீன் தெ மெதிசி அவங்களை அனுப்பிட்டு (வெறுங்கையா இல்ல, பதிலுக்கு ஷோமோன் அரண்மனை குடுத்தாங்க) அதே பாலத்து மேல 60 மீட்டர் நீளத்துக்கு மண்டபம் கட்டினாங்க. சக்களத்தி போட்ட பாலத்துல இவங்க விருந்து வச்சாங்க, கதை அவ்ளோதான்.

எனக்கு அதைவிட சுவாரசியம் பின்னாடி நடந்தது. முதல் உலகப்போர்ல அந்த மண்டபம் ஆஸ்பத்திரி ஆச்சு, அரண்மனையை வச்சிருந்த மெனியே சாக்லேட் குடும்பமே செலவைப் பாத்துக்கிட்டாங்க, 2000க்கு மேல காயம்பட்ட சிப்பாய்ங்க அங்க படுத்திருந்தாங்க. ரெண்டாவது போர்ல ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு, வாசல் ஜெர்மன்காரன் பிடிச்ச பக்கம், மண்டபத்தோட தெற்குக் கதவைத் திறந்தா அவன் கை எட்டாத அக்கரை, அந்த வழியா ஆளுங்களைத் தப்பிக்க விட்டிருக்காங்க.

நீங்க மகளைப் பாக்கப் போனா தூர்லேர்ந்து லோக்கல் ட்ரெயின் இருக்கு, அரை மணி நேரம், ஸ்டேஷன் அரண்மனை வாசல் பக்கத்துலயே. சமையல்கட்டைப் பாக்காம வந்துடாதீங்க.