இடம் மாற்றிய ஒட்டு மாமரம் வெயிலில் கருகுகிறது

கேள்வி: திருவான்மியூரில் வீட்டைப் பெரிதாக்கியதால், மூன்று வயதுடைய பங்கனபள்ளி ஒட்டு மாமரத்தை ஏப்ரல் தொடக்கத்தில் வேர்மண்ணோடு பெயர்த்து மதில் ஓரமாக நட்டோம். காலையும் மாலையும் போர் தண்ணீர் தெளித்தும் இலைகள் தொங்கி நுனி கருகுகின்றன. மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. யூரியா கொடுக்கலாமா?

பதில்: யூரியா இப்போது வேண்டாம். பெயர்த்தபோது மரம் தன் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதியை இழந்திருக்கும்; இலைகளோ முன்போலவே நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. மாமரத்தை இடம் மாற்ற ஏற்ற காலம் ஜூலைக்குப் பிறகுதான் என்றாலும், உங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

நீங்கள் குறிப்பிட்ட வெள்ளைப் படிவு உப்பாகத்தான் இருக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. மாமரமோ உப்பைத் தாங்காது. இலை நுனியும் ஓரமும் கருகுவது அதன் அடையாளம். மேலாகத் தெளிக்கும் நீர் வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் செல்வதால், இருவேளை தெளிப்பது தீமையையே வளர்க்கிறது. முதலில் அந்தப் படிவைச் சுரண்டி அகற்றிவிட்டு, வேர்மண்ணைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி, மூன்று குடம் நல்ல தண்ணீரை அதிகாலையில் மெதுவாக ஊற்றுங்கள். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் நீர் ஆழமாக இறங்கி உப்பையும் கீழே கொண்டுபோகும். மறுநாள் விரல் ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வையுங்கள். அதில் உப்பு அநேகமாக இல்லை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைப் பலரும் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு செறிந்திருப்பதால் இந்த மரத்துக்கு அது ஆகாது.

பாத்தியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகோ காய்ந்த தென்னை ஓலையோ மூடாக்காகப் போடலாம், ஆனால் கரையானும் அழுகலும் வராதிருக்க அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் விட்டுவிடுங்கள். சென்னையில் கடற்காற்று வீசும்வரை மேற்கிலிருந்து வரும் அனல்காற்றே இலைகளை அதிகம் வாட்டுகிறது. ஆகவே மேற்கிலும் மேலேயும் ஐம்பது சதவீத நிழல்வலையைக் கத்திரி முடியும்வரை கட்டி வையுங்கள். மதில் சுவரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தரும். அந்தப் பக்கம் பழைய சாக்கைத் தொங்கவிட்டாலும் பயன் உண்டு. பூவும் பிஞ்சும் இருந்தால் மனம் பாராமல் கிள்ளி எறியுங்கள். நலிந்த, குறுக்கே போகும் கிளைகளை அகற்றி இலைச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். வெயிலுக்குத் திறந்த அடிமரத்தில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிடுங்கள்.

இலைகள் முழுவதும் உதிர்ந்தாலும் உடனே பிடுங்கிவிட வேண்டாம். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் அந்தப் பகுதியில் உயிர் இருக்கிறது. ஒட்டுக்கு மேலே துளிர்த்து அந்த இலைகள் முற்றிய பின்னரே தொழுவுரம் சிறிது இடலாம். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் பங்கனபள்ளி அன்று. அதைக் கண்டவுடன் ஒடித்துவிடுங்கள்.