பாலக்கோட்டு அண்ணாவுக்கு: பாப்பா கேமரா கேட்கிறாளே என்ற கவலைக்கு

அண்ணா, வணக்கம்.

போன வாரம் தர்மபுரியில் பார்த்தபோது, உங்கள் மகள் பாப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "பொம்பளப் புள்ள கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறதெல்லாம் ஒரு வேலையா சார்?" வாசலில் கூட்டம் இருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கே அது திருப்தியாக இல்லை.

வேலைதான். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவாலா 1913இல் நவ்சாரியில் பிறந்தவர். சேலை கட்டிக்கொண்டு, கேமரா மூட்டையோடு டெல்லித் தெருக்களில் சைக்கிளில் போய் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் படமெடுத்தார். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாகின. 2011இல் பத்ம விபூஷண் வந்தது. 'பொம்பளப் புள்ளயா?' என்ற கேள்விக்கு எண்பது வருடம் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது, விடுங்கள்.

நான் யோசித்தது வேறு. உங்களோடு பேசி முடித்த பிறகு பாப்பாவிடம் தனியாகப் பேசினேன் இல்லையா? செல்போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். எல்லாம் பெண்கள் எடுத்தவை. ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "தைரியம் சார்" என்றாள். தைரியம் உண்டுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, போன இடத்துக்கே திரும்பிப் போகிற குணம்.

அவள் காட்டியதில் ஒரு தாயின் படம் இருந்தது. கன்னத்தில் கை, தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரோத்தியா லாங்கே எடுத்தது. ஒரு மாத வேலை முடிந்து, மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார். வழியில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் என்றொரு பலகை. கடந்து போய்விட்டார். இருபது மைல் தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அப்படி எடுத்ததுதான் அது. ஏழு வயதில் போலியோ வந்து ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னொன்று முக்கியம்: அதற்கு முன் பல வருடம் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டூடியோ வைத்து, வசதியான குடும்பங்களைப் படமெடுத்துத்தான் வீட்டை ஓட்டினார்.

அந்தக் கதையின் மறுபக்கத்தையும் பாப்பாவிடம் சொன்னேன். லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். உலகமே பார்த்த படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்ற வருத்தம் அந்தம்மாவுக்கு இருந்தது. பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவரை எடுத்தால், முதலில் பெயரைக் கேள், படத்தை அவரிடம் காட்டு என்றேன். பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-வைட் 1946இல் காந்தியை ராட்டையோடு எடுக்கப் போனபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள் என்றார்கள். உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நம் நாட்டுப் புகைப்படக்காரர் கௌரி கில் 1999இல் ராஜஸ்தான் பாலைவன கிராமங்களுக்குப் போகத் தொடங்கி, இருபது வருடத்துக்கும் மேலாக அதே மக்களிடம் போய்வருகிறார். நம் பக்கத்திலேயே சொல்வதானால் தேனிக்காரர் ரதிகா ராமசாமி. கணினிப் பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்துவிட்டுத்தான் காட்டுக்குள் பறவைகளைத் தேடிப் போனார். படிப்பைத் தூக்கிப் போட்டால்தான் கேமரா என்பதில்லை.

அதனால் இப்போதைக்குக் கேமரா வாங்காதீர்கள். ஒரு லட்சத்துக்கு ஈஎம்ஐ போட்டால் தக்காளி விலை விழுகிற மாதத்தில் வீட்டில் சண்டைதான் வரும். கையிலிருக்கும் செல்போன் போதும். ஒரு மாதம், வாரம் மூன்று நாள், விடிகாலையில் உங்களோடு பாலக்கோடு மண்டிக்கு வரட்டும். ஒகேனக்கல் வேண்டாம், அருவியை யார் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். ஒரே மண்டி, அதே ஆட்கள். பத்தாவது நாள் சலித்துவிட்டால் அவளுக்கே தெரிந்துவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. சலிக்காவிட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. பிளஸ் டூ முடித்ததும் கலைக் கல்லூரிகளில் மூன்று வருட விஷுவல் கம்யூனிகேஷன் உண்டு. சேரும் முன் அந்தக் கல்லூரியில் கேமராவும் லைட்டும் பிள்ளைகள் கைக்கு வருகிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பு. கட்டணம் குறைவு, இடமும் குறைவு. டிகிரிக்கு அப்புறம் என்றால் குஜராத் காந்திநகரில் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் புகைப்பட முதுகலை இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு.

வருமானம்? பூசி மெழுக மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் கல்யாண வேலைதான் சோறு போடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த மாதங்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரிய வேண்டும். ஆனால் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பச்சைக் குழந்தைப் படம் இதற்கெல்லாம் பெண் இருந்தால் நல்லது என்று தேடுகிற வீடுகள் நிறைய. ஓசூர் கம்பெனிகளுக்கும், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் பொருளைப் படமெடுக்க ஆள் வேண்டும். அதில் ராத்திரிப் பயணமும் இல்லை. உங்கள் பயத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு, எங்கே போகிறாள், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று அவளே எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை மண்டியிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு நான் தர்மபுரியில்தான் இருப்பேன். பாப்பா போனில் காட்ட வேண்டாம். நாற்பது படம் பிரிண்ட் போட்டு எடுத்து வரட்டும், ஒவ்வொன்றின் பின்னாலும் படத்திலிருப்பவர் பெயர் பேனாவில் எழுதியிருக்கட்டும். நீங்களும் வாங்க, இந்தத் தடவை மூன்று பேரும் உள்ளேயே உட்காரலாம்.