பழைய ஜப்பான் டிரம் செட்: பேட்ஜைப் பார்த்து விலை பேசாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் வீட்டைக் காலி செய்கிற பெரியவர் ஒருவர் சிவப்பு மினுமினுப்பு டிரம் செட் ஒன்றை 450 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். பேட்ஜில் 'ஸ்டூவர்ட்' என்று இருக்கிறது, அதற்குக் கீழே 'மேட் இன் ஜப்பான்'. 60களில் வாங்கினாராம். அந்த கம்பெனியைத் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு அரிய பொருளா? என் 13 வயதுப் பையன் வாசிப்பதற்குத்தான் கேட்கிறேன்.

பதில்: தேடிக் கிடைக்காததற்குக் காரணம், அப்படி டிரம் செய்கிற கம்பெனியே கிடையாது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்த பிறகு பையன்கள் எல்லோரும் டிரம் கேட்க ஆரம்பித்தார்கள். லுட்விக் என்ற அமெரிக்க கம்பெனியின் டிரம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்காக இறக்குமதியாளர்கள் ஜப்பானில் மொத்தமாக ஆர்டர் கொடுத்து, ஆளுக்கொரு பெயரை பேட்ஜில் போட்டு விற்றார்கள். ஸ்டூவர்ட், அப்பல்லோ, மெஜஸ்டிக், விட்ஹால், நார்மா, ஜிம்-கார் என்று பட்டியல் நீளும். 1946-ல் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் செய்யத் தொடங்கிய ஜப்பான் கம்பெனி பேர்ல், பிற்பாடு இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது. ஹோஷினோ என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி தன் ஸ்டார் டிரம்களை அனுப்பியது. இரண்டு வேறு பெயர் செட்டுகளில் லக் (தோலை இறுக்கும் கம்பியைப் பிடிக்க டிரம்மின் பக்கத்தில் பொருத்திய உலோகத் துண்டு) ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் பேட்ஜை விட்டுவிட்டு லக்கின் வடிவத்தைப் பாருங்கள்.

ஆக, பெயர் யாருக்கும் தெரியவில்லை என்பதற்காக அதை அரியது என்று எண்ண வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த வகை நான்கு டிரம் செட்டுக்கு, எல்லாப் பாகமும் இருந்து நல்ல நிலையில் இருந்தால், 200 டாலருக்கு மேல் கொடுக்க மாட்டேன். 450 கேட்பவரிடம் பணிவாகவே சொல்லிப் பாருங்கள், அவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று இல்லை, பழையது என்றாலே விலை உயர்ந்தது என்று பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள்.

பேசுவதற்கு முன்னால் ஒரு டாமின் ஹெட்டை, அதாவது அடிக்கும் தோலை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்ளே சிவந்த பழுப்பு நிறத்தில், துளை துளையாக ரேகை ஓடும் லவான் மரம் இருக்கும், பிலிப்பைன்ஸ் மஹோகனி என்று விற்கிறார்களே அதுதான். மூன்று அடுக்கு மெல்லிய பலகை, மேலும் கீழும் வலுவுக்கு ஒரு மரவளையம். அந்த வளையம் பசை விட்டுக் கழன்றிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கழன்றிருந்தால் பசையும் கிளாம்பும் வைத்து ஒட்டிவிடலாம், அது பெரிய பிரச்சினை இல்லை. ஷெல், அதாவது டிரம்மின் மர உடல், வட்டம் கெட்டிருப்பதுதான் பெரிய பிரச்சினை. அளவு நாடாவால் குறுக்காக ஒரு முறை, அதற்குச் செங்குத்தாக இன்னொரு முறை அளந்து பாருங்கள், வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் ட்யூன் செய்யும்போது படாத பாடு படுவீர்கள். அப்புறம் ஷெல்லைச் சமமான கிரானைட் மேடையிலோ கண்ணாடியிலோ கவிழ்த்து உள்ளே டார்ச் அடியுங்கள், விளிம்புக்குக் கீழே எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே மேடு பள்ளம் இருக்கிறது.

லக்குகளில் முடி போல ஓடும் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், அந்தக் கால வார்ப்பு நொறுங்கக்கூடியது. டாமைத் தாங்கும் ஹோல்டர், ஃப்ளோர் டாம் கால்கள், பேஸ் டிரம்மின் தோலை இறுக்கும் கொக்கியான கிளாவும் திருகான டி-ராடும் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். தனியாகத் தேடினால் அந்தச் சின்னச் சாமான்களுக்கே செட் விலை ஆகிவிடும். கடையில் கிடைக்கிற டென்ஷன் ராடு (ஹெட்டை இறுக்கும் திருகு) பொருந்தும் என்று நம்பி வாங்கவும் வேண்டாம், பழைய ராடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பையனுக்கு என்று பார்த்தால், வட்டம் சரியாக இருக்கிற லவான் செட் மோசமில்லை. தாழ்வான ட்யூனிங்கில் மென்மையான, கனிந்த சத்தம் தரும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஹார்ட்வேர்தான் ஒல்லி, வேகமாக அடிக்கிற பையனிடம் சிம்பல் ஸ்டாண்ட் தாங்காது. ஸ்டாண்டும் பெடலும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதேபோல ஒரு பழைய செட்டை வாங்கிவிட்டேன். புது ஹெட் 12 இஞ்ச் டாமில் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஷெல்லைத் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்க வேண்டாம், தேய்த்த ஷெல்லைத் திரும்ப வளர்க்க முடியாது. பழைய ஷெல்லும் அதன் மேல் ஒட்டிய வண்ண உறையான ராப்பும் சேர்ந்து இன்றைய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வருவது உண்டு. முதலில் ராப் ஒட்டுமிடத்தில் எழும்பி நிற்கிறதா பாருங்கள், அதை மட்டும் ஒட்டினாலே பல சமயம் ஹெட் இறங்கிவிடும். இல்லையென்றால் ஹெட் செய்யும் ரெமோ கம்பெனி இப்படிப் பெருத்த பழைய ஷெல்களுக்காகவே 'கிளாசிக் ஃபிட்' என்று ஹெட் போடுகிறது, அதை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: டோக்கியோவில் வேலை. ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடையில் டாமா இம்பீரியல்ஸ்டார் நான்கு டிரம் 45,000 யென், வேறொரு கிளையில் யமஹா 9000 ஐந்து டிரம் 1,20,000 யென். இவையும் அந்த மலிவுச் சரக்குதானா? எதை வாங்கலாம்?

பதில்: இல்லவே இல்லை, இவற்றை அந்த மலிவுச் சரக்கோடு சேர்க்காதீர்கள். ஐபனேஸ் கிதார் செய்யும் அதே ஹோஷினோ 1974-ல் டாமா என்ற பெயரைக் கொண்டுவந்தபோது அவர்கள் நோக்கமே மாறிவிட்டது, உலக மேடைகளில் அமெரிக்கச் செட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று செய்தார்கள். இம்பீரியல்ஸ்டாரும் பிலிப்பைன்ஸ் மஹோகனிதான், ஆனால் தடிமனான பல அடுக்கு ஷெல், உள்ளே ஸோலா-கோட் என்ற கருஞ்சாம்பல் பூச்சு. டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் போலீஸ் இசைக்குழுவில் வாசித்தது இதைத்தான். அந்தப் பூச்சு இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள்.

யமஹா 9000 பிற்பாடு ரெக்கார்டிங் கஸ்டம் என்று பெயர் பெற்றது. பிர்ச் மரம், மேலிருந்து கீழ்வரை ஓடும் ஒற்றை நீள லக், பியானோ போலப் பளபளக்கும் பூச்சு, டிரம்மர் ஸ்டீவ் காட் வாசித்த செட். யமஹாவுக்காக இவற்றை ஒசாகாவில் செய்தது சகாயே என்ற கம்பெனி. 2016-ல் மறுபடி வந்த ரெக்கார்டிங் கஸ்டம் சீனாவில் செய்தது. அதுவும் நல்ல செட்தான், ஆனால் பழையது என்று சொல்லி அதை யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

ஒலிப்பதிவுதான் உங்கள் வேலை என்றால் யமஹா. பிர்ச் சட்டென்று அடங்கும், மைக்குக்கு முன்னால் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மேடையில் பலமாக அடிக்கிறவர் என்றால் டாமாவே போதும், ஷெல்கள் வட்டமாக இருந்தால் அந்த விலைக்கு நான் பேரம்கூடப் பேச மாட்டேன். எதை எடுத்தாலும் பேஸ் டிரம்மில் டாம் ஹோல்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கூடுதல் துளை போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். வேறு கம்பெனி ஹோல்டரை மாட்டுவதற்காகத் துளைத்த செட்டின் விலையை அங்கேயே குறைத்துக் கேட்கலாம். லக்கைக் கழற்ற விட்டால் அதன் அடியில் இருக்கும் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒப்பிடுங்கள், வெயிலில் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.