வகுப்புக்கே போகாமல் பி.எட்.?

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். டீச்சர் ஆக ஆசை. வேலையை விடாமல், பரீட்சைக்கு மட்டும் வந்து பி.எட். முடிக்கலாம் என்று ஒரு கல்லூரியில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க, கட்டிவிடாதீர்கள்.

2015-16 கல்வியாண்டிலிருந்து பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் இருந்து பாடம் நடத்த வேண்டும். உங்கள் மகள் டீச்சர் ஆவது அந்த 16 வாரத்தில்தான். அதைத்தான் அந்தக் கல்லூரி 'வர வேண்டாம்' என்கிறது.

கம்ப்யூட்டர் தெரிந்தால் போதாதா என்பீர்கள். போதாது. பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடத்தில் பைத்தான் என்கிற புரோகிராம் மொழி இருக்கிறது. 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று போர்டில் எழுதினால், இத்தனை வருடம் கணக்குப் படித்து வந்த பிள்ளை, "எக்ஸ் அஞ்சுன்னா, அஞ்சும் ஆறும் எப்படிங்க டீச்சர் சமமாகும்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. புரோகிராம் மட்டும் தெரிந்தவர், "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று நகர்ந்துவிடுவார். நல்ல டீச்சர் பால் சொசைட்டிக் கணக்கைக் காட்டுவார்: பழைய மொத்தத்தோடு இன்றைக்கு ஊற்றிய லிட்டரைக் கூட்டி, அதே இடத்தில் புது மொத்தம் எழுதுகிறோம் அல்லவா? அந்தக் குறி 'சமம்' என்று சொல்லவில்லை, 'வந்த விடையை இதில் வை' என்கிறது.

அப்புறம் லேப். ஒரு மெஷினுக்கு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒருவன் தட்டுவான், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிற பெண்ணை எப்போது கீபோர்டுக்கு முன்னால் உட்கார வைப்பது, அவள் தப்பாகத் தட்டும்போது எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் கைவரும். எந்தப் பரீட்சையும் இதைக் கேட்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை கம்ப்யூட்டர் தனிப் பாடம் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராக முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். மகளின் பி.எஸ்ஸி.யோடு பி.எட். மட்டும் என்றால் தனியார் பள்ளிதான். அரசுப் பள்ளிதான் வேண்டும் என்றால் முதுநிலைக்கு இரண்டு, பி.எட்.டுக்கு இரண்டு என ஆக மொத்தம் நான்கு வருடப் படிப்பு இது. இன்னும் ஒரு வருடம் கம்பெனிச் சம்பளத்தைச் சேர்த்து வைக்கட்டும், பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கட்டும்.

கோபியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேறு கல்லூரி பாருங்கள். எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். சேர்க்கை நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை மத்தியானம் மகளையும் கூட்டிக்கொண்டு போய், வகுப்பில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.