அம்மாவைப் பாக்கப் போன ரோமச் சிப்பாய்க்கு மரண தண்டனையா?

கேள்வி: சரித்திர நாவல் எழுதிட்டு இருக்கேன். ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலம், டான்யூப் ஆத்தங்கரையில கார்னுன்டம் முகாம், போர் எதுவும் இல்ல. ஹீரோ லீவுல ஊருக்குப் போறான், அம்மாவுக்கு உடம்பு முடியல, ரெண்டு மாசம் லேட்டா தானாவே திரும்பி வரான். கூட இருக்கற சிப்பாய்களே அவன கட்டையால அடிச்சுக் கொல்ற மாதிரி வச்சிருக்கேன், சரியா?

பதில்: சரியில்லைங்க, தயவுசெஞ்சு அந்த சீன மாத்திடுங்க. ட்ரிப்யூன்ங்கற படை அதிகாரி குற்றவாளிய ஒரு கட்டையால லேசா தொட்டதும் மொத்த முகாமும் அடிச்சுக் கல்லெறியறது கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வச்சது, அதுவும் முக்கியமா ராத்திரி காவல்ல தவறினவங்களுக்கு. உங்க கதைக்கு சுமார் 350 வருஷம் முந்தின குடியரசுக் காலம் அது.

செவெரஸ் ஆட்சி கி.பி. 193லேர்ந்து 211 வரைக்கும். அப்போ இருந்த அர்ரியஸ் மெனாண்டர்ங்கற சட்ட அறிஞர் ராணுவச் சட்டம் பத்தியே தனியா எழுதியிருக்கார், 533ல பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட டைஜஸ்ட்ங்கற சட்டத் தொகுப்புல 49ஆம் புத்தகத்துல அதோட பகுதிகள் இருக்கு. அதுல என்ன சொல்றார்னா, வராம போனவன் ஏன் போனான், எங்க இருந்தான், அங்க என்ன பண்ணான்னு எப்பவும் விசாரிக்கணும், நோய், பெத்தவங்க மேல பாசம், ஓடிப்போன அடிமையத் துரத்திட்டுப் போனது இதுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு, ஒழுங்குமுறை இன்னும் தெரியாத புது ஆளுக்கும் உண்டு. உங்க ஹீரோவுக்காகவே எழுதின மாதிரி இருக்கு இல்லையா, எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும்.

விசாரணை சீன்ல நாள் கணக்க கொண்டு வாங்க, டென்ஷன் அங்கதான் இருக்கு. எத்தன நாள் லேட்டு, பயணத்துக்கு எவ்வளவு ஆகும்னு பாப்பாங்க. வழியில நோயில விழுந்தேன், கொள்ளைக்காரங்க புடிச்சு வச்சாங்கன்னு சொன்னாலும், லீவு முடியறதுக்குள்ள முகாம் வந்து சேர்ற மாதிரி ஊர்லேர்ந்து நேரத்தோட கெளம்பினேன்னு காட்டணும். உங்க ஆளு கெளம்பினதே லேட்டு, அதனால அம்மா மேல இருந்த பாசம் ஒண்ணுதான் அவனுக்குக் கை குடுக்கும்.

தளபதி அத ஏத்துக்கலேன்னாலும் உயிர் போகாது. அடி, அபராதம், கூடுதல் வேல, பதவி எறக்கறது, கீழான படைக்கு மாத்தறது, அவமானப்படுத்தி வெளிய அனுப்பறதுன்னு வரிசையா தண்டனை இருக்கு. சுரங்கத்துக்கு அனுப்ப மாட்டாங்க, சித்திரவதையும் கிடையாது. ஆனா அவன ஓடிப்போனவனா காட்டி, ரோம் நகரத்துலயே புடிபட்டான்னு கதைய மாத்தினீங்கன்னா தல போறதுதான் வழக்கம், வேற ஊர்ல புடிபட்டா முதல் தடவைக்குத் திரும்ப சேத்துக்கவும் வாய்ப்பு உண்டு.

சண்டை வேணும்னா செஞ்சூரியன், அதாவது சிப்பாய்க் குழுவோட தலைவன், கையில இருக்கற திராட்சைக்கொடித் தடிய பயன்படுத்திக்கோங்க. அடிக்க வரும்போது சிப்பாய் அதப் புடிச்சுத் தடுத்தா கீழ்ப்படைக்கு மாத்திடுவாங்க, வேணும்னே ஒடச்சாலோ செஞ்சூரியன் மேல கை வச்சாலோ மரணம். ஹீரோ உயிரோட வேணும்னா புடிக்கறதோட நிறுத்திடுங்க.