சமூக நோக்கோடு நடக்கும் தொழில்களை அரசு எப்படி ஆதரிக்கலாம்?

மானியம், விருது, பயிற்சி முகாம் எல்லாம் அப்புறம். வாங்கிய சரக்குக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுத்தாலே பாதி ஆதரவு கொடுத்த மாதிரி. சில மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறவன் நான். அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நாப்கின், துணிப்பை, சத்துமாவு செய்கிற குழுவுக்கு அரசைப் போல நிலையான வாடிக்கையாளர் வேறு யார்? தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். எந்தக் கடன் மேளாவும் இந்த அளவுக்கு வேலை கொடுத்ததில்லை என்பேன். மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையும் மோசமில்லை. துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25க்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்துபவற்றுக்கு.

சிக்கல் பில் போட்ட பிறகுதான். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பணம் கொடுக்க அதிகபட்சக் கெடு 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய குழுவை நான் பார்த்ததே இல்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். ஒரு அரசு அலுவலகம் ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தபோது, நான் கணக்குப் பார்க்கும் குழுவின் தலைவி நகையை அடகு வைத்துத்தான் பஞ்சு வாங்கினார்.

தனியார் கம்பெனிகளுக்கு 2023-24 கணக்காண்டு முதல் ஒரு கடிவாளம் வந்தது: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதன் பிறகு மார்ச் மாதம் அவர்களே போன் போட்டு "உத்யம் நம்பர் இருக்கா?" என்று, குறு, சிறு நிறுவனமாகப் பதிந்த எண்ணைக் கேட்கிறார்கள். அரசுத் துறைக்கோ வருமான வரியே கிடையாது; இந்தக் கடிவாளம் அங்கே செல்லாது. கெடு தாண்டினால், யாரும் கேட்காமலே வட்டி பில்லில் சேரும்படி கருவூலத்தில் ஏற்பாடு செய்யட்டும். 45 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கியைக் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. துறைகளும் அப்படி ஒரு பட்டியலை வெளியிடலாமே?

பொறுப்பான வணிகம் என்றதும் பலரும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். பற்றிப் பேசுவார்கள். சின்ன சப்ளையரின் பணத்தை முடக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கு பெஞ்ச் வாங்கித் தரும் கம்பெனியை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சமூக நோக்குள்ள அமைப்புகள் நிதி திரட்டச் சமூகப் பங்குச் சந்தை இருக்கிறது, ஆனால் பத்துப் பேர் சேர்ந்த குழுவுக்கு அது எட்டாது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒன்று: சரக்கு இறக்கிய அன்றே தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். கெடுவும் அதிலிருந்துதான் ஓடும்.